அடுப்படிக்கு மாபிள்

எங்கட ஊரில் ரைல்ஸுக்கு மாபிள் என்றுதான் பேர். அது சலவைக்கல் இல்லை, சுட்ட மண் என்று அம்மாவுக்கு ஒருக்கால் விளக்கப் போனேன். "என்னவோ, துடைச்சா ஊத்தை போகுதுதானே" என்றா. அம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். துடைத்தால் வெள்ளையாகிற ஒரு சுவர்.

பெரியமடு, மாந்தை மேற்கில் இருக்கிறது. எங்கட வீடு மீள்குடியேறின பிறகு வீட்டுத்திட்டத்தில் கட்டினது. குசினி மூலையில் இடுப்பளவுக்கு அடுப்புத் திட்டு, மூன்று பக்கமும் சுவர், மேலே புகைக்கூடு. ஆனால் கட்டின நாளிலிருந்து அம்மா அதில் விறகு வைத்ததில்லை. திட்டில் ஒரு காஸ் அடுப்பு, தேத்தண்ணிக்கு மட்டும். சோறு கறி எல்லாம் வெளியில் கிடுகுக் கொட்டிலில், மூன்று கல் வைத்து. கேட்டால், "பூசின சுவர் கறுத்துப் போகும்" என்பா.

வீடு இருக்கு, வீட்டுக்குள்ள சமைக்க ஏலாது. எனக்கு இது கனகாலம் பகிடியாகத்தான் இருந்தது.

இந்தப் பக்கத்துச் சனம் 2007, 2008 இல் இடம்பெயர்ந்து போனபோது எனக்கு நாலைந்து வயது. எனக்குப் பெரிதாக ஒன்றும் ஞாபகமில்லை. அம்மாவுக்கு இருக்கிறது. போன இடமெல்லாம் முதலில் தேடினது மூன்று கல் என்று சொல்லுவா. மெனிக் பாம் கூடாரத்தைப் பற்றிக் கேட்டால் சண்டையைப் பற்றிச் சொல்லமாட்டா. "சீலை, பாய், உன்ர தலைமயிர், எல்லாத்திலயும் புகை மணம்" என்பா. அப்படி வந்த மனிசிக்கு, வெள்ளை அடித்த சுவரைக் கறுப்பாக்க மனம் வராது. இது எனக்கு விளங்க இருபது வயதாக வேண்டியிருந்தது.

2022 இல் காஸ் இல்லாமல் போனது. மாரி தொடங்கினதும் கொட்டில் ஒழுகியது. ஈர விறகு. அம்மம்மாவின் இருமல். சரி, நெருப்பை உள்ளே கொண்டு வருவோம், ஆனால் சுவருக்கு மாபிள் ஒட்டிவிட்டு என்று நான்தான் சொன்னேன். மாமா மேசன். 2020 இலிருந்து ரைல்ஸ் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, விலை தொட ஏலாது. வேலை செய்த இடங்களில் மிஞ்சினதைச் சேர்த்துக் கொண்டு வந்தார். மூன்று விதமான வெள்ளை. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்ற மாதிரி என்னையும் ஒருநாள் பார்த்திருக்கமாட்டா.

கொஞ்ச நாளைக்கு நெருப்பு வைக்காதே என்று மாமா சொல்லிவிட்டுப் போனார். நான் மூன்றாம் நாளே வைத்தேன். பாலை விறகு, நல்லாப் பிடித்தது. இரவு எட்டு மணி இருக்கும். டப் என்று ஒரு சத்தம். அடுத்தது இரண்டு சேர்ந்து.

திரும்பிப் பார்த்தேன். அம்மா நிலத்தில் இருந்தா. அம்மம்மாவின் தலையைத் தன் மடிக்குள் அமத்தி, முதுகால் மூடிக்கொண்டு. "அம்மா, மாபிள்தான்" என்றேன். ஒரு நிமிசம் செல்லும்வரை எழும்பவில்லை. பிறகு ஒன்றும் சொல்லாமல் உடைந்த துண்டுகளைப் பொறுக்கினா. அடுத்த நாள் விறகைக் கொட்டிலுக்குக் கொண்டு போனா.

எங்கே பிழை விட்டோம் என்று மாமா பிறகு சொன்னார். மாபிள் சூளையில் ஆயிரம் பாகைக்கு மேல் வெந்து வந்தது, அது நெருப்புக்குப் பயப்படாது. பிழை ஒட்டின விதத்தில். நெருப்புப் பட்டதும் மாபிளின் முகம் சூடாகி விரியும், பின்னாலுள்ள சீமெந்து குளிராகவே நிற்கும். வடிவுக்காக இடைவெளி விடாமல் நெருக்கி ஒட்டியிருந்தோம், விரிய இடமில்லை. போதாததற்கு நான் சீமெந்து காய முன்னமே எரித்தேன். உள்ளே நின்ற ஈரம் ஆவியாகித் தள்ளியிருக்கிறது.

திருப்பிச் செய்ய அம்மா சம்மதிக்கப் பல மாதம் எடுத்தது. சம்மதிக்க வைத்தது நானில்லை, பக்கத்து வளவு உம்மா. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளம் போய், சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்தவ. அவவும் கனவருசம் கிடுகுக்குக் கீழ் சமைத்தவ. எங்கட உடைந்த சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "நெருப்புப் படுற இடத்துக்கு மண்தான் மகள். வெடிச்சா நாமளே பூசிக்கலாம்" என்றா.

பல்கலைக்கழக லீவுக்கு வந்தபோது நானும் மாமாவுமாகச் செய்தோம். பின் சுவரில் சீமெந்தைக் கொத்தி எடுத்துவிட்டுச் செங்கல்லை வைத்து, புற்றுமண்ணைக் குழைத்துக் கட்டினோம். திட்டில் ஒரு அனகி அடுப்பு. இரண்டு சட்டி வைக்கலாம், விறகு போட ஒரு வாய், சிங்களக் கிராமங்களில் எண்பதுகளிலிருந்து இருக்கிற களிமண் அடுப்பு. மூன்று கல்லை விட விறகு குறைவாகத் தின்னும். அதைச் சுற்றியும் மண்ணால் அணைத்தோம். மாபிளைச் சுவாலை படாத பக்கச் சுவர்களுக்கும் திட்டின் முன்பக்கத்துக்கும் மட்டும் ஒட்டினோம், ஒவ்வொன்றுக்கும் இடையில் இடைவெளி விட்டு. புகைக்கூடு கூரை முகட்டுக்குக் கீழேயே நின்றிருந்தது, காற்று அடித்தால் புகை திரும்பி வரும். மாமா அதை முகட்டுக்கு மேலே உயர்த்தினார். இந்தமுறை மூன்று கிழமை பொறுத்தோம்.

2020 இல் மட்டும் வீட்டுப் புகையால் உலகத்தில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அம்மம்மா இப்பவும் இருமுறா. கொஞ்சம் குறைவு என்று நினைக்கிறேன். அது ஆசையாகவும் இருக்கலாம்.

முதல் நாள் நெருப்பு வைத்தபோது அம்மா வாசலுக்கு வெளியில் நின்றா. சத்தம் ஒன்றும் வரவில்லை. சோறு கொதித்த பிறகுதான் உள்ளே வந்தா.

வெள்ளிக்கிழமைகளில் மண்சுவரை மெழுகுவா, வெடிப்பு இருந்தால் விரலால் நிரவுவா. பிறகு ஈரத்துணியால் மாபிளைத் துடைப்பா. துடைத்து முடிந்ததும் துணியை விரித்து எனக்குக் காட்டுவா.

"பார். இவ்வளவும் சுவரில இருந்திருக்கும்."