நடுப்பலகை

கப்பலுக்கு அறைகள் உண்டு. தோணிக்குக் கிடங்கு உண்டு. கட்டுமரத்திற்கோ இரண்டுமே இல்லை. முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு, கடலில் உறங்குவது என்றால் நனைந்த மரத்தின் மேல், விண்மீன்களின் கீழ், ஒருவர் விழித்திருக்க மற்றவர் கண்ணயர்வது என்பதே பொருள். ஆகவே, 22 அடியே நீளமுள்ள ஒரு பாய்மரப் படகின் உள்ளே ஒரு படுக்கையறை உண்டு என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த அறைக்குள் தவழ்ந்து சென்று மூன்று வாரங்கள் வேலை செய்த பிறகு, உறக்கத்தைப் பற்றி நான் எண்ணியிருந்தவை பல மாறிவிட்டன. அவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான்கு ஆண்டுகளாக நான் பணியாற்றிவரும் பங்கு, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் உள்ளது. ஏரி என்பது பெயரளவில்தான். 490 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, மறுகரை கண்ணுக்குத் தெரியாமல் விரிந்து கிடக்கும் நன்னீர்க் கடல் அது. குளிர்காலத்தில் அதன் ஓரங்கள் உறைந்துவிடும். எனவே அக்டோபர் மாதத்தில் படகுகளைக் கரையேற்றித் தார்ப்பாய் போர்த்தி வைப்பார்கள். மே மாதத்தில் மீண்டும் நீரில் இறக்குவார்கள். எங்கள் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தச்சர் ஒருவரின் படகு மட்டும் மூன்று கோடைகளாகத் தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது. அவர் எழுபதைக் கடந்தவர். நான் இப்பங்கிற்கு வந்த ஆண்டில் அவருடைய மனைவி இறந்தார். அடக்கத் திருப்பலியை நிறைவேற்றியவன் நான். அதன்பின் அவரைக் காணும்போதெல்லாம் ஒரே முறையீடுதான்: "இரவில் உறக்கம் வருவதில்லை, ஃபாதர்." ஆறுதலாக நான் சொன்ன எதுவும் அவருடைய இரவுகளுக்குள் சென்று சேரவில்லை.

சென்ற ஏப்ரலில் ஒரு நாள் அவர் என்னிடம் வந்து, "ஃபாதர், நீங்கள் உயரம் குறைந்தவர். படகின் முன்னறைக்குள் நீங்கள் நுழைய முடியும். எனக்கு முழங்கால் மடங்குவதில்லை. உதவி செய்வீர்களா?" என்று கேட்டார். என் உயரம் ஒரு பணிக்குத் தகுதியாகக் கருதப்பட்டது அதுவே முதல் முறை. மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன்.

இத்தகைய சிறு படகுகளில் படுக்கை அமைவது அணியத்தில், அதாவது படகின் மூக்குப் பகுதியில். விரல் நுனிகள் தொட்டுக்கொள்ள, மணிக்கட்டுகள் விலகி நிற்க, இரு உள்ளங்கைகளை வைத்துப் பாருங்கள். அதுவே அதன் வடிவம். இரு பக்கச் சுவர்களையும் ஒட்டி இரு படுக்கைகள். கால்மாட்டில் அவை ஒன்றாகச் சேர்ந்துவிடும்; தலைமாட்டில் பிரிந்து நிற்கும். நடுவே முக்கோணமாக ஓர் இடைவெளி. பகலில் அங்கே கால் ஊன்றி நின்று உடை மாற்றலாம். இரவில் அந்த இடைவெளியை ஒரு முக்கோணப் பலகையால் மூடி, அதன்மேல் ஒரு சிறு மெத்தையை வைத்தால், இரண்டு படுக்கைகளும் ஒரே படுக்கையாகிவிடும். அந்த நடுப்பலகையைத்தான் தலைப்பில் குறிப்பிட்டேன்.

ஐம்பது ஆண்டுப் பழைய படகு இன்னும் இருக்கிறதா என்று சிலர் வியக்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஃபைபர் கிளாஸ் என்னும் கண்ணாடியிழையால் படகு கட்டும் வழக்கம் வளர்ந்தது. 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் 28 அடி நீளமுள்ள 'ட்ரைட்டன்' என்ற படகு அறிமுகமான பிறகு, நடுத்தரக் குடும்பங்களும் உள்ளே உறங்கத்தக்க படகை வாங்கத் தொடங்கின. கண்ணாடியிழையைக் கரையான் அரிக்காது, கடற்புழு துளைக்காது. ஆகவே கட்டியவர் மறைந்த பிறகும் படகுகள் நிலைத்திருக்கின்றன. ஆனால் மேல்தளம் முழுவதும் கண்ணாடியிழை அன்று. இரண்டு மெல்லிய கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ வைத்து ஒட்டியிருப்பார்கள். எடை குறைவாகவும் உறுதியாகவும் இருக்க அப்படிச் செய்வது வழக்கம். நோய் தொடங்குவதும் அங்கேதான்.

பழைய மெத்தைகளை வெளியே இழுத்தபோது அவை நீர் கோத்துப் பூசணம் பிடித்திருந்தன. சுவரை ஒட்டியிருந்த துணி கருத்துத் தொங்கியது. ஏரித் தண்ணீர் உள்ளே வந்துவிட்டதோ என்று கேட்டேன். நண்பர் தலையசைத்து மேலே காட்டினார். சிறு படகின் படுக்கையை நனைப்பது பெரும்பாலும் கீழே உள்ள ஏரியன்று; மேலே பெய்யும் மழையே. கயிறு கட்டும் கொண்டிகள், கைப்பிடிக் கம்பிகள், அணியத்து மூடியின் கீல்கள் எல்லாம் தளத்தைத் துளைத்துப் போல்ட் போட்டு முடுக்கப்பட்டவை. அவற்றின் அடியில் பூசிய பசை பல ஆண்டுகளில் காய்ந்து வெடிக்கிறது. மயிரிழை அளவு வழி கிடைத்தால் போதும். நீர் நடுமரத்திற்குள் இறங்கி ஊறுகிறது. குளிர்காலத்தில் அது பனிக்கட்டியாகி விரிந்து, பசையைப் பெயர்த்து, அடுத்த ஆண்டுக்கு இன்னும் அகலமான வழியைத் திறந்து வைக்கிறது. புதிய மெத்தை போட்டால் ஒரு கோடைக்கு நன்றாயிருக்கும். அடுத்த கோடையில் அதே நாற்றம்தான்.

தளத்தை அங்குலம் அங்குலமாகச் சுத்தியலின் கைப்பிடியால் தட்டிப் பார்த்தார். நல்ல இடம் கணீரென்று ஒலித்தது. ஊறிப்போன இடம் மந்தமாக முனகியது. கெட்ட பகுதியை அகற்றி, எப்பாக்ஸிப் பசையைக் குழைத்து நிரப்பினோம். பத்துப் பாகை செல்சியசுக்குக் கீழே அது சரிவர இறுகாது என்பதால், ஏப்ரல் மாதக் குளிரில் வெயில் வருவதற்காகக் காத்திருந்த நாட்களும் உண்டு. ஒவ்வொரு துளையையும் முதலில் பெரிதாக்கி, எப்பாக்ஸியால் அடைத்து, அது இறுகிய பின் அதன் நடுவே மீண்டும் துளையிட்டோம். இனி மேற்பசை தவறினாலும் நீர் மரத்தைத் தொடாது.

போல்ட்டுகளை மீண்டும் முடுக்குவதற்கு இருவர் வேண்டும். தளத்தின் மேல் அவர் திருப்புளியால் போல்ட்டின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டார். உள்ளே மல்லாந்து படுத்தபடி நான் நட்டைத் திருகினேன். போல்ட்டே சுழன்றால் புதிதாக வைத்த பசை கிழிந்துவிடும் என்பது அதன் காரணம். இருவருக்கும் நடுவே ஒரு தளம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரல் மட்டும் கேட்கும். "போதுமா?" என்பேன். "இன்னும் கொஞ்சம்" என்பார். மூன்று ஆண்டுகளாக என் வரவேற்பறையில் அவர் சொல்லாதவற்றையெல்லாம் அந்த மூன்று வாரங்களில் தளத்தின் மேலிருந்து சொன்னார். முகம் தெரியாதபோது மனிதர் எளிதில் பேசுகின்றனர் என்பதை ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்தவர் எவரும் அறிவர்.

ஒரு மாலை அவர் ஜோஷுவா ஸ்லோகம் என்ற மாலுமியைப் பற்றிக் கூறினார். 1892இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபேர்ஹேவன் ஊரில், வயலில் முட்டுக்கொடுத்துக் கைவிடப்பட்டிருந்த 'ஸ்ப்ரே' என்னும் பழம்படகு ஸ்லோகமுக்கு இலவசமாகக் கிடைத்தது. அருகே நின்ற ஓக் மரத்தை வெட்டி, 13 மாதங்கள் உழைத்து, 553 டாலர் 62 சென்ட் செலவில் அதைப் புதுப்பித்தார். 36 அடி 9 அங்குல நீளமுள்ள அப்படகில், பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை அமைத்து, அதன் ஓரத்தில் தளத்திற்குக் கீழே தமக்கொரு படுக்கையும், சிறு தட்டுகளும், மருந்துப் பெட்டிக்கு ஓர் இடமும் செய்துகொண்டார். 1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து தனியே புறப்பட்டு, 46,000 மைலுக்கு மேல் கடந்து, 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட் வந்து சேர்ந்தார். தன்னந்தனியே படகில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே.

தனியாகச் சென்றவர் எப்போது உறங்கினார்? சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டு உறங்கினார். தேர்ஸ்டே தீவிலிருந்து கோகோஸ் கீலிங் தீவுகள் வரை 2,700 மைல், 23 நாட்கள். அத்தனை நாட்களிலும் அவர் சுக்கானைப் பிடித்தது மூன்று மணி நேரத்திற்கு மேல் இல்லை. பயணத்தின் தொடக்கத்தில், அசோர் தீவுகளைக் கடந்ததும், வயிற்றுவலியால் அறைத் தரையில் நினைவிழந்து கிடந்தார். கண் விழித்தபோது சுக்கானருகே அயலான் ஒருவன் நிற்கக் கண்டதாகவும், கொலம்பஸ் கூட்டத்தைச் சேர்ந்த 'பின்டா' கப்பலின் மாலுமி என்று அவன் தன்னை அறிமுகப்படுத்தியதாகவும் எழுதுகிறார். காய்ச்சலின் மயக்கமாக இருக்கலாம். ஆனால் காய்ச்சல் தணிந்து எழுந்தபோது, படகு அவர் விட்ட திசையிலேயே போய்க்கொண்டிருந்தது.

நான் வியப்பது அந்த மாலுமியைப் பற்றியன்று. அந்த 13 மாதங்களைப் பற்றி. ஒவ்வொரு பலகையையும் தம் கையால் பொருத்தியவருக்கே சுக்கானைக் கட்டிவிட்டுக் கண் மூட முடிந்தது. உறக்கம் என்பது ஒப்படைப்பு. ஆனால் செய்ய வேண்டியதைச் செய்தவனே மன அமைதியோடு ஒப்படைக்கிறான். இதைக் காப்பீடு என்று கொள்ள வேண்டாம். பின்னொரு நாள் அதே படகில் கடலேறிய ஸ்லோகம் திரும்பி வரவே இல்லை.

வீடு கட்டுவோரின் உழைப்பையும் உறக்கத்தையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசும் 127ஆம் திருப்பாடலைக் குருமடத்தில் பயின்றபோது, அதன் ஓர் அடிக்கு எபிரேய மூலத்தில் இரு பொருள் கொள்ளலாம் என்று படித்தோம். இறைவன் தம் அன்பர்க்கு உறக்கத்தைத் தருகிறார் என்பது ஒன்று. அவர்கள் உறங்கும் வேளையிலேயே தருகிறார் என்பது மற்றொன்று. எது சரி என்று அன்று வாதிட்டோம். படகின் கூரையைப் பார்த்தபடி நட்டு முடுக்கிய நாட்களில், இரண்டும் ஒன்றே என்று எனக்குத் தோன்றியது. புயலின் நடுவே இயேசு உறங்கியதை மூன்று நற்செய்தியாளர்கள் எழுதினாலும், அவர் தலைக்குத் தலையணை இருந்ததை மாற்கு மட்டுமே குறிப்பிடுகிறார். 1986இல் கலிலேயக் கடலின் நீர்மட்டம் தாழ்ந்தபோது சேற்றிலிருந்து வெளிப்பட்ட, ஏறத்தாழ அக்காலத்தைச் சேர்ந்த படகொன்று எட்டு மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமுடையது. அதில் ஏறத்தாழ பத்து வகை மரங்கள் காணப்பட்டன. கிடைத்த மரத்துண்டையெல்லாம் கொண்டு திரும்பத் திரும்பச் செப்பனிட்ட ஏழைகளின் படகு அது. ஆண்டவர் உறங்கியதும் அத்தகைய ஒட்டுப்போட்ட படகில்தான் என்று எண்ணுவது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

கசிவு நின்றபின் படுக்கை வேலை தொடங்கியது. அரை அங்குல மரைன் பிளைவுட்டை அறுத்து, விளிம்பு உட்பட எல்லாப் பக்கமும் எப்பாக்ஸி பூசினார். அதில் வரிசையாகப் பெரிய துளைகள் இட்டார். ஏன் என்று கேட்டேன். உறங்குபவரின் மூச்சிலும் வியர்வையிலும் ஓர் இரவில் ஒரு டம்ளர் நீருக்குக் குறையாமல் வெளியேறுகிறது. மெத்தைக்கு அடியில் காற்று நடமாடாவிட்டால், அது குளிர்ந்த பலகையில் பட்டு நீராகத் தேங்கிவிடும் என்றார். வெளியிலிருந்து வரும் நீரைத் தடுத்தால் மட்டும் போதாது. உள்ளிருந்து வரும் ஈரம் வெளியேறவும் வழி வேண்டும். துயரத்தையும் இப்படித்தான் கையாள வேண்டுமோ என்று நினைத்தேன், அவரிடம் சொல்லவில்லை. பக்கச் சுவர்களில் இடைவெளி விட்டு மெல்லிய தேவதாருப் பட்டைகளை அடித்தார். நான்கு அங்குல ஃபோம் மெத்தையை, படகின் வளைவுக்கு ஏற்ப விளிம்பைச் சரித்து வெட்டினார்.

எஞ்சியிருந்தது நடுப்பலகை. பழையது ஊதி அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. இரண்டு நாட்கள் அதைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். ஒருவர் படுக்க ஒரு பக்கமே போதும். இன்னொரு பக்கத்தைப் பொருள் வைக்கும் தட்டாக மாற்றிவிடலாம் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். "நீங்கள் என்ன சொல்கிறீர்கள், ஃபாதர்?" என்றார். "படகு உங்களுடையது" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு அவர் கூறினார்: "வீட்டில் இன்றும் என் பக்கத்தில்தான் படுக்கிறேன். அவள் பக்கம் காலியாகவே கிடக்கிறது. இந்தப் பலகை இல்லையென்றால், இனி ஒருவர்தான் என்று படகு முடிவு செய்ததாகிவிடும். பலகை இருந்தால், போடுவதா வேண்டாமா என்று ஒவ்வோர் இரவும் நான் முடிவு செய்யலாம்." அன்று மாலையே அதை அறுத்தார். மற்றப் பலகைகளுக்குப் பூசியது போலவே மூன்று முறை எப்பாக்ஸி பூசினார். படுக்கைக்குக் கீழே அதை வைக்க ஓர் இடமும் செய்தார்.

அன்பு வாசகர்களே, துன்புறுவோரிடம் நாம் பெரும்பாலும் புதிய மெத்தையோடு போகிறோம். நல்ல சொற்கள்தான், ஆனால் அவற்றின் அடியில் ஈரம் இருக்கிறது. எங்கே ஊறியிருக்கிறது என்று தட்டிக் கேட்பதற்கும், ஒருவர் மேலே பிடித்திருக்க மற்றவர் கீழே திருகுவதற்கும் காலம் வேண்டும். அதுவரை உறக்கம் வராது, வரவும் தேவையில்லை.

மே மாதக் கடைசி வாரத்தில் படகை நீரில் இறக்கினார்கள். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து வாசலில் நின்றபோது அவர் என் கையைப் பற்றினார். முன்தின இரவு படகிலேயே தங்கினாராம். நடுப்பலகையைப் போட்டாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரவில் மழை பெய்திருக்கிறது என்பதைக் காலையில் தளத்தின் மேல் கால் வைத்தபோதுதான் அறிந்ததாக மட்டும் கூறினார்.