பெயரில்லாத முகங்கள்

மாலை வெயில் மங்கும் வேளையில் கண்டி வாவிக்கரையிலுள்ள மண்டபமொன்றில் நடனம் காண அமர்ந்தோம். கெட்ட பெர என்னும் மத்தளம் முழங்க, ‘வெஸ்’ எனப்படும் வெள்ளித் தலையணியும் மார்பில் மணிக்கோவையும் ஒளிரக் கலைஞர்கள் சுழன்றாடினர். கண்டோர் அனைவரும் தம்மை மறந்தனர்.

நமக்கோ, அன்று காலை நண்பரொருவர் இல்லத்தில் பார்த்த பழைய நிழற்படங்களின் நினைவே வந்தது. 1870ஆம் ஆண்டுகளில் சார்ல்ஸ் ஸ்கோவன் என்ற ஆங்கிலேயர் கண்டியில் நிழற்பட நிலையம் நடத்தினார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் உருவம் பதியச் சில விநாடிகள் செல்லும். அதுவரை இமைக்கவும் அஞ்சி நிற்க வேண்டும். ஆடுவதற்கென்றே பிறந்த கால்கள் அப்படங்களில் மரம்போல் நிற்கின்றன! அதனினும் வருந்தத்தக்கது வேறொன்றுண்டு. அக்காலப் படங்கள் பலவற்றின் அடியில் ‘பேயாட்டக்காரர்’ என்றே எழுதியிருக்கும். பிரபுக்களுக்குப் பெயருண்டு, கலைஞனுக்குத் தொழில் மட்டுமே உண்டு. கொஹொம்பா கங்காரியச் சடங்கில் விடிய விடிய ஆடிய அம்மனிதர் யார், எவ்வூரார், எந்தக் குருவின் மாணாக்கர் என்பதைப் படம் சொல்வதில்லை.

காலம் மெல்ல மாறிற்று. நம் சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி, கண்டிச் சீமையின் கைவினைஞரைப் பற்றி 1908இல் பெருநூலொன்று வெளியிட்டார். அதற்கு அவர் துணைவியார் எதெல் படம் பிடித்து உதவினார். பின்னர் 1934இல் ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் திரைப்படம் வந்தது. அதற்கு வர்ணனைக் குரல் கொடுத்த லயனல் வென்ட், நிழற்படக் கலையிலும் வல்லவர். அத்திரைப்படத்தில் ஆடிய உக்குவாவும் குணயாவும் பெயரோடும் ஊரோடும் இன்றும் நினைக்கப்படுகின்றனர்.

அவ்வூர் நித்தவெல. மறுநாட் காலை அங்குச் சென்றோம். கண்டி நகரை ஒட்டிய சிற்றூர்தான் அது. ஆனால் ‘நித்தவெல குணயா’ என்று சொல்லும்போது ஊருக்கும் பெருமை, ஆளுக்கும் பெருமை. ஒரு பெயர் பிழைத்தமையால் ஒரு பரம்பரையே பிழைத்ததன்றோ?

வீடு திரும்பும் வழியில் ஓர் எண்ணம் நம்மை உறுத்திற்று. நம் வீட்டுப் பெட்டிகளிலும் கூத்து அண்ணாவிமார், நாதசுர வித்துவான்கள் முதலியோரின் மங்கிய படங்கள் கிடக்கின்றனவே! அவர்கள் யாரென்று அறிந்த பாட்டனும் பாட்டியும் இன்று நம்மிடையே உள்ளனர், நாளை?

மாணவச் செல்வங்களே, இன்று விடுமுறைதானே? அப்படங்களை எடுத்துச் சென்று பெரியோரிடம் கேளுங்கள். பெயரையும் ஊரையும் படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். முகத்தைக் காப்பது நிழற்படம். மனிதரைக் காப்பது அவர் பெயர்.