வண்டிக்குப் பொருத்தம் பார்த்த கதை

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். பழைய வண்டிக்கு எஞ்சின் தேடுகிறவர்களோ பெரும்பாலும் ஒரே பொருத்தந்தான் பார்க்கிறார்கள்: தங்கள் ஆசைக்கு அது பொருந்துகிறதா என்பது. இருபது வருஷமாகக் கணக்கும் பௌதிகமும் சொல்லிக் கொடுத்து வரும் நானும் சென்ற ஆண்டு இந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன். அதைச் சற்று வெட்கத்துடன்தான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் மனைவியின் தம்பியிடம் ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. மகிந்திரா கம்பெனியார் ஜீப்பின் அமைப்பிலே செய்த பழைய வண்டி. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் வார்ப்படச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, பெரியபாளையம் வழியாக வந்து, திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையில் இறக்குவது அதன் தினசரி உத்தியோகம். மாமனார் வாங்கிய வண்டி அது. அவர் காலமான பிறகு அந்தக் குடும்பத்தின் சோறு அதன் நான்கு சக்கரங்களில்தான் உருண்டு வருகிறது.

சென்ற ஆனி மாதத்தில் வண்டி நீலப் புகை விடத் தொடங்கிற்று. டீசலோடு போட்டியிட்டுக்கொண்டு எஞ்சின் ஆயிலையும் குடித்தது. ஒரு நாள் மாலை மைத்துனன் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, இந்த எஞ்சினோடு இனிக் காலந்தள்ள முடியாது. கம்பெனியாரின் பெரிய டீசல் எஞ்சின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் ஹைவேயில் எண்பதுக்குக் குறையாமல் ஓட்டலாம். உங்களுக்குக் கணக்குத் தெரியும். சரிப்படுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றான்.

"பணம்?" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. அவன் மனைவியின் நான்கு வளையல்களும் அடகுக் கடைக்குப் புறப்படத் தயாராயிருக்கின்றன என்ற சங்கதி பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கணக்கு வாத்தியாரிடம் யாராவது கணக்குக் கேட்டுவிட்டால் அவருக்கு வேறு என்ன ஆனந்தம் வேண்டும்? மறுநாளே சாக்குக் கட்டியோடு போய்ச் சேர்ந்தேன். சுமையோடிருந்த வண்டியின் டயரில் ஒரு கோடு கிழித்து, தரையிலும் ஒரு கோடு கிழித்து, வண்டியை மெல்லத் தள்ளச் சொன்னேன். சக்கரம் ஒரு முறை சுற்றி வரும்போது வண்டி 2.2 மீட்டர் நகர்ந்தது. பிறகு பின் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, இரண்டையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றச் செய்து, நடுவிலுள்ள நீண்ட தண்டு எத்தனை சுற்றுகிறது என்று எண்ணினேன். ஐந்து முழுச் சுற்றும் மேலே ஒரு சிறிது பாக்கியும் வந்தன. பின் அச்சினுள்ளே கிரௌன், பினியன் என்று இரண்டு பற்சக்கரங்கள் இருக்கின்றன அல்லவா? இந்த வண்டியில் பினியனுக்கு எட்டுப் பல். கிரௌனுக்கு நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்றை எட்டால் வகுத்தால் 5.375. மேல் கியரில் கியர் பாக்ஸ் எதையும் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. ஆகையால் சக்கரம் ஒரு தரம் சுற்ற எஞ்சின் 5.375 தரம் சுற்றியாக வேண்டும்.

மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் நிமிஷத்துக்கு 1,333 மீட்டர். அதை 2.2 ஆல் வகுத்தால் சக்கரம் 606 சுற்று. எஞ்சின் ஏறக்குறைய 3,260 சுற்று. மைத்துனன் ஆசைப்பட்ட எஞ்சினோ 2,523 கன சென்டிமீட்டர் உள்ளது. நிதானமாகச் சுற்றி நன்றாக இழுக்கும் ஜாதி. நிமிஷத்துக்கு 3,200 சுற்றுதான் அதன் எல்லை. அதாவது எண்பதை எட்டுமுன்பே அதற்கு மூச்சு முட்டிவிடும்!

"எஞ்சினை மட்டும் மாற்றினால் போதாது. கிரௌனையும் மாற்ற வேண்டும். முப்பத்தொன்பது பல் உள்ளதைப் போட்டால் அதே எண்பதுக்கு 2,955 சுற்றுத்தான் ஆகும்" என்று தீர்ப்புச் சொன்னேன். வளையல்களோடு சங்கிலியும் போக வேண்டியதுதான் என்பது என் தீர்ப்பின் பொருள். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தீர்ப்பை எடுத்துக்கொண்டு இருவரும் மெக்கானிக்கிடம் போனோம். வயதானவர். பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என் காகிதத்தை நிதானமாகப் படித்துவிட்டு, "கணக்கெல்லாம் சரிதான் சார். ஆனால் இந்த வண்டி எண்பதில் எங்கே ஓடுகிறது?" என்று கேட்டார்.

பரீட்சையில் கேள்வியையே படிக்காமல் விடை எழுதிய பையனைப்போல் நான் விழித்தேன்.

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை. மைத்துனன் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு ஏறி உட்கார்ந்தேன். நிமிஷத்துக்கு ஒரு தரம் வேகத்தைக் குறித்துக்கொண்டே போனேன். கல்கத்தா ஹைவேயில் இருந்தவரை எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. தச்சூரில் திரும்பியதும் காட்சி மாறிவிட்டது. பஸ் நிற்கும் இடம், பள்ளிக்கூடத்துத் தடுப்பு, குறுக்கே வரும் மாடு, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் என்று வரிசையாக வந்தன. பெரியபாளையத்தில் ஆடி மாதமாகையால் பவானி அம்மன் கோயிலுக்கு வந்த கூட்டம் சாலையையே அடைத்துக்கொண்டிருந்தது. நின்று நின்று, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக ஊர்ந்து, காக்களூர் போய்ச் சேர 110 நிமிஷமாயிற்று. அதில் அறுபதுக்கு மேல் ஓடியது எவ்வளவு நேரம் என்று எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்றே நிமிஷம்!

அன்று இரவு மறுபடியும் கணக்குப் போட்டேன். நாற்பத்து மூன்று பல்லை முப்பத்தொன்பதாக்கினால் வேகத்தில் நூற்றுக்குப் பத்து லாபம். இழுக்கும் சக்தியில் நூற்றுக்கு ஒன்பது நஷ்டம். லாபம் பதின்மூன்று நிமிஷத்துக்கு. நஷ்டமோ வார்ப்படச் சுமையோடு நின்ற இடத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு தடவைக்கும். பெரிய எஞ்சின் அந்த நஷ்டத்தை ஈடு செய்துவிடும் என்பது வாஸ்தவந்தான். ஆனால் நாமே உண்டாக்கிய நஷ்டத்தை நாமே ஈடு செய்வதற்காகவா வளையலை அடகு வைப்பது?

பழைய எஞ்சினைப் பற்றியும் அப்போதுதான் யோசித்தேன். அது பியூஜோ டீசல். 4.90 என்று அதற்குப் பெயர். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் 90 மில்லிமீட்டர் என்பதே அந்தப் பெயரின் ரகசியம். மொத்தம் 2,112 கன சென்டிமீட்டர். உருவத்தில் சிறியதானாலும் 4,500 சுற்று வரை சுற்றக்கூடியது. வேகமாய்ச் சுற்றும் சிறிய எஞ்சினுக்கு நாற்பத்து மூன்று பல் உள்ள கிரௌன் நல்ல பொருத்தம். செய்தவர்கள் ஜாதகம் பார்த்துத்தான் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். நாம்தான் அதைப் பார்க்காமல் ரத்து செய்யக் கிளம்பினோம்.

மறுநாள் மெக்கானிக் இன்னும் இரண்டு விஷயங்கள் சொன்னார். ஒன்று பிரேக். எண்பதில் ஓடுவதற்கு எஞ்சினை மாற்றிவிடலாம். சுமையோடு எண்பதிலிருந்து நிறுத்த வேண்டியது அதே பழைய டிரம் பிரேக்தான். மற்றொன்று சட்டம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற இடங்கொடுப்பதில்லை. தயாரித்தவர்கள் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-இல் சுப்ரீம் கோர்ட்டும் அந்தப் பிரிவுக்கு வியாக்கியானம் செய்திருக்கிறது. வருஷந்தோறும் எப்.சி.க்குப் போய் நிற்க வேண்டிய வாடகை வண்டி ஆர்.சி. புத்தகத்துக்கு ஒவ்வாத எஞ்சினோடு எப்படிப் போய் நிற்பது?

இதே திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் ஒரு காலத்தில் மண் வாரும் ராட்சதப் பொறிகளைச் செய்தார்கள். 1998 முதல் மிட்ஸுபிஷி லான்சர் கார்களையும் செய்தார்கள். ஒன்று ஊர்ந்து மலையைப் பெயர்ப்பது, மற்றொன்று பறப்பது. இரண்டுக்கும் எஞ்சின் உண்டு, பற்சக்கரம் உண்டு. ஆனால் எதற்காகப் பிறந்தோம் என்பதில் இரண்டுக்கும் குழப்பமில்லை. குழப்பமெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்குத்தான்.

முடிவில் பழைய எஞ்சினையே இறக்கிப் பிரித்தார்கள். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாயின. டீசல் பம்பும் நாஸில்களும் சோதனை மேஜையில் ஏறிச் சரியாகி வந்தன. எஞ்சின் எண் மாறவில்லை, கிரௌனும் மாறவில்லை. செலவு, முதலில் போட்ட திட்டத்தில் பாதிகூட ஆகவில்லை. அதையும் மைத்துனன் சீட்டுப் பணத்தில் சமாளித்துவிட்டான்.

அவனுக்குப் பூரண திருப்தி என்று சொல்லமாட்டேன். ஹைவேயில் புது வண்டிகள் தாண்டிப் போகும்போது இன்னமும் ஒரு பெருமூச்சு விடுகிறானாம். விடட்டும், அந்தப் பெருமூச்சுக்கு வட்டி கிடையாது.

சென்ற வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் வண்டி சுமையோடு கிளம்பிக்கொண்டிருந்தது. புகையில்லை. "எஞ்சின் சத்தம் எப்படி, மாமா?" என்று கேட்டான் மைத்துனன். உள்ளேயிருந்து அவன் மனைவி காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை நீட்டிய கையில் இரண்டு வளையல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

"சத்தம் நன்றாகவே இருக்கிறது" என்றேன்.