பந்து உருட்டப் போனோம், மலாக்காவும் பார்த்தோம்!

வெளிநாட்டுப் பயணம் என்றால் உறவினர் வீட்டில் நாலு நாள் தங்கி, கோயில்களையும் கடைத்தெருவையும் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதுதான் நம் குடும்பங்களில் வழக்கம். சென்ற ஜூன் மாதம் நாங்கள் மலேசியா போய் வந்தது அப்படியல்ல. கல்லூரியில் முதலாண்டு முடித்த என் மகள், கோலாலம்பூர் பக்கத்தில் நடந்த சர்வதேச அமெச்சூர் பவுலிங் போட்டி ஒன்றில் ஆடப் போனாள். அவளுக்குத் துணையாக என் கணவர், நான், எட்டாவது படிக்கும் மகன், என் மாமியார் எல்லோருமாகக் கிளம்பினோம்.

பவுலிங் என்றதும் கிரிக்கெட் என்று நினைத்துவிடாதீர்கள். வழுவழுப்பான மரத்தளம் போல ஒரு பாதை. அதற்கு 'லேன்' என்று பெயர். 60 அடி தள்ளி, 10 'பின்'கள் முக்கோணமாக நிற்கும். ஒவ்வொன்றும் 15 அங்குல உயரம், ஒன்றரைக் கிலோ கனம். மூன்று விரல்களை நுழைத்துப் பிடிக்கும் கனமான பந்தை உருட்டி அவற்றைச் சாய்க்க வேண்டும். முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் 'ஸ்டிரைக்'. மீதியை இரண்டாவது பந்தில் வீழ்த்தினால் 'ஸ்பேர்'. தொடர்ந்து 12 ஸ்டிரைக் போட்டால் 300. அதற்கு மேல் ஓர் ஆட்டத்தில் யாராலும் எடுக்க முடியாது.

"பொம்மையை நிக்க வச்சுப் பந்தால தள்ளறதுக்குப் பிளேன் ஏறிப் போகணுமா?" என்று கேட்டார் மாமியார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இரண்டு வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. மகளுக்கு வளையல் வாங்குவதாக முதலில் ஏற்பாடு. "வளையல் அப்புறம் வாங்கிக்கலாம்மா, எனக்கு ஒரு தடவையாவது வெளிநாட்டுல ஆடணும்" என்றாள் அவள். நானும் இவரும் ஒரு வாரம் யோசித்துத்தான் சரியென்றோம்.

மூட்டை கட்டுவதே ஒரு கூத்து! அவளுடைய பந்து ஒன்று 14 பவுண்டு, அதாவது 6 கிலோ 350 கிராம். இரண்டு பந்து, ஷூ, பை எல்லாம் சேர்த்தால் அவள் பங்கு லக்கேஜ் முடிந்தது. முறுக்கு டின்னையும் ஊறுகாய் ஜாடியையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் மட்டும் எடுத்துக்கொண்டோம். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே மலேசியாவில் 30 நாள் வரை தங்கலாம் என்று சலுகை கொடுத்திருந்தார்கள். நாங்கள் போனபோதும் அது இருந்ததால் ஐந்து பேருக்கும் அந்தச் செலவு மிச்சம்.

போட்டி ஒரு பெரிய வணிக வளாகத்தின் மாடியில். உள்ளே நுழைந்தால் வரிசை வரிசையாக லேன்கள், தீபாவளி வெடி போல ஓயாத சத்தம். மாமியார் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

நான் வியந்தது ஆட வந்தவர்களைப் பார்த்துத்தான். பாங்கில் வேலை பார்ப்பவர், பள்ளி ஆசிரியை, பெரிய ஆட்டக்காரர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், எல்லோரும் பக்கத்துப் பக்கத்து லேனில்! கட்டணம் கட்டி ஆறு ஆட்டம் ஆட வேண்டும். மொத்த எண்ணிக்கையில் முன்னால் நிற்பவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். முதல் தடவை சரியாக வராவிட்டால், மறுபடி கட்டணம் கட்டி இன்னொரு நாள் ஆடிப் பார்க்கலாம்.

ஆண்களும் பெண்களும் ஒரே போட்டியில் ஆடுவதால், பெண்களுக்கு ஆட்டத்துக்கு 8 பின் கூடுதலாகத் தருகிறார்கள். ஆசிய நாடுகளின் திறந்த போட்டிகள் பலவற்றில் இப்படித்தானாம். "எட்டு இனாமா? எனக்கு வேண்டாம்ப்பா" என்றாள் என் மகள். இவர் சிரித்தார். "பவுலிங் உலகக் கோப்பை 1965-ல டப்ளின்ல ஆரம்பிச்சப்போ ஆம்பளைங்க மட்டும்தான் ஆடினாங்க. பொம்பளைங்களுக்கு 1972-லதான் இடம் கெடச்சுது. ஏழு வருஷம் காக்க வச்சதுக்கு வட்டின்னு வச்சுக்கோ!" என்றார். அதன்பின் பெண்கள் சும்மா இருக்கவில்லை. பிலிப்பைன்ஸிலிருந்து லிட்டா டி லா ரோசா 1978-லும், போங் கூ 1979-லும் அந்தக் கோப்பையை வென்றார்கள். மலேசியாவின் ஷாலின் சுல்கிஃப்லியை அந்த ஊரில் பவுலிங் தெரியாதவர்கூட அறிவார்.

முதல் நாள் மூன்று ஆட்டம் நன்றாகவே போயிற்று. நாலாவதிலிருந்து பந்து எங்கெங்கோ போக ஆரம்பித்தது. காரணத்தை அன்றுதான் தெரிந்துகொண்டேன். லேனில் கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் பூசியிருப்பார்கள். எண்ணெய் உள்ள இடத்தில் பந்து வழுக்கிக்கொண்டு நேரே போகும், உலர்ந்த இடத்தில் பிடித்துத் திரும்பும். ஆட ஆட, பந்துகளே அந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போய்விடுகின்றன. காலையில் சரியாக இருந்த வழி மதியம் சரிப்படாது. நிற்கும் இடத்தையும் குறியையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்புத் தணலைப் பார்த்துப் பார்த்துத் தோசைக்கல்லில் மாவு விடுகிறோமே, அந்த மாதிரி!

இவள் பதற்றத்தில் பந்தை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். கட்டைவிரல் வீங்கிவிட்டது, முன்கை வலி வேறு. ஆறு ஆட்டத்துக்கு 988. கூடுதல் 48 சேர்த்து 1,036. அடுத்த சுற்றுக்கு எட்டாத தூரம்.

பக்கத்து லேனில் ஆடிய சீன அம்மாள் ஒருவர் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். "பந்தைப் பிடிக்காதே, கையில் தொங்கவிடு. ரெண்டு நாள் பந்தைத் தொடாதே. ஊர் சுற்றிப் பார்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, விரலில் ஒட்டும் டேப் கொஞ்சம் கொடுத்தார். அவருடைய பேத்தி பின்னால் உட்கார்ந்து பாட்டிக்குக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு அறையில் பெரிய விவாதம். மறுகட்டணமும், ஐந்து பேர் மலாக்கா போய்வரும் செலவும் ஏறக்குறைய ஒன்று. கையில் ஒன்றுக்குத்தான் பணம். "மலாக்கா வேண்டாம், அவ இன்னொரு தடவை ஆடட்டும்" என்றார் இவர். "என்னால யாரும் ஊர் பாக்காம திரும்ப வேண்டாம்" என்று மகள் அழுதாள். மகன் பாவம், வாய் திறக்கவில்லை. நான்தான் தீர்ப்புச் சொன்னேன்: "கை வீங்கியிருக்கு. ஆடறதைப் பத்தி இப்போ பேச வேண்டாம். நாளைக்கு மலாக்கா."

கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். 1511-ல் போர்த்துகீசியர் பிடித்துக் கட்டிய கோட்டையில் இன்று ஒரு வாசல்தான் மிச்சம். டச்சுக்காரர்கள் காலத்துச் சிவப்புக் கட்டிடங்கள், 1753-ல் முடிந்த மாதா கோயில், பூவும் பொம்மையுமாக ஜோடித்த சைக்கிள் ரிக்ஷாக்கள் என்று பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. பனைவெல்லம் ஊற்றிய செண்டோல் என்ற ஐஸ் பானத்தை மகன் மூன்று கிண்ணம் காலி செய்தான்.

நாங்கள் மறக்க முடியாதது பொய்யாத விநாயகர் கோயில். 1781-ல் எழும்பியது. மலேசியாவில் உள்ள இந்துக் கோயில்களிலேயே மிகப் பழமையானது என்கிறார்கள். அதே வட்டாரத்தில் கிளிங் பள்ளிவாசலும் சீனக் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. விநாயகர் கோயிலைக் கட்டியவர்கள் மலாக்கா செட்டிகள். சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழர்களின் வம்சம். வீட்டில் பேசுவது மலாய்தான். ஆனால் பொங்கலையும் தீபாவளியையும் விடவில்லை.

கோயிலில் அந்த வம்சத்துப் பாட்டி ஒருவர், கபாயா என்ற சட்டையும் சாரோங்குமாக விளக்கேற்றிக்கொண்டிருந்தார். மாமியார் தமிழில் பேச, அவர் மலாயில் பேச, இரண்டு பேரும் பத்து நிமிஷம் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள்! என்ன புரிந்ததோ, பிள்ளையாருக்கே வெளிச்சம்.

திரும்பும்போது பஸ்ஸில் மாமியார் மெதுவாகச் சொன்னார்: "அந்தச் சீனக்காரம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். பேத்தி உக்காந்து கைதட்டறா, பாட்டி ஆடறா. எனக்குப் பதினாலு வயசுல பாண்டி ஆடறதையே நிறுத்திட்டாங்க, பெரிய மனுஷி ஆயிட்டேன்னு." பிறகு மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். குடும்பப் பென்ஷனில் சேர்த்து, ஊரிலேயே இவரிடம் ரிங்கிட்டாக மாற்றி வாங்கி வைத்திருந்த பணம். "இதைக் கட்டு. ஆனா ஊருக்குப் போனதும் ஒரு மாசம் காலைக் காபி அவதான் போடணும்!"

கடைசி வாய்ப்பு நாளன்று வீக்கம் வடிந்திருந்தது. அன்று காலை நான் அவளுக்குக் கொடுத்தது இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், நடுநடுவே தண்ணீர். வயிறு முட்டச் சாப்பிட்டால் குனிந்து உருட்ட முடியாது. பந்து பிடி தவறியபோதெல்லாம் ஓரடி இடது பக்கம் நகர்ந்து நின்றாள். ஐந்தாவது ஆட்டத்தில் 214! வாழ்நாளில் முதல் தடவையாக 200-ஐத் தாண்டினாள். மொத்தம் 1,121, கூடுதலோடு 1,169. அப்போதும் அடுத்த சுற்றுக்குப் போதவில்லைதான். ஆனால் தோற்ற முகமாக அவள் வரவில்லை. பஞ்சை எடுத்துவிட்டு, சத்தம் முழுவதையும் கேட்டபடி கைதட்டிக்கொண்டிருந்தார் மாமியார்.

இப்படிப் பயணம் போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

ஆடும் நாட்களையும் ஊர் பார்க்கும் நாட்களையும் கலக்காதீர்கள். நாள் முழுக்க நடந்துவிட்டு மறுநாள் ஆடினால் கால் ஒத்துழைக்காது. பந்தின் கனத்தைப் பெருமைக்காகக் கூட்ட வேண்டாம். வளரும் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர் சொல்வதே அளவு. கை வலித்தால் ஓய்வு, வலி நீடித்தால் டாக்டர். மறுகட்டணத்துக்கென்று கொஞ்சம் பணத்தைத் தனியே முடிந்து வையுங்கள். மலேசியா போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்பும்படி கேட்டார்கள். விசா விதியும் மாறக்கூடியது. டிக்கெட் வாங்குமுன் இரண்டையும் விசாரித்துவிடுங்கள்.

என் மகள் பேச்சுத் தவறாமல் ஒரு மாதம் காபி போட்டாள். இந்த ஆடியிலிருந்து நாங்கள் மறுபடி சீட்டுக் கட்டுகிறோம். வளையலுக்கா, பந்துக்கா என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.