செந்தூரிலிருந்து குமரி வரை

திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரிக்குக் கடலோரமாகவே போனால் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் இரண்டு மணி நேரம்தான். ஆனால் நிற்காமல் போகிறவருக்கு இந்தச் சாலை எதற்கு? ஒரு பகலை முழுசாக ஒதுக்குங்கள். திட்டம் போடும்போது கோயில் நடை நேரம்தான் முதல் கணக்கு. குமரியில் பகவதி அம்மன் நடை நண்பகலில் சாத்தினால் மாலையில்தான் திறக்கும். ஆகவே விடியலில் முருகன், அந்தியில் அம்மன், இடையில் கதவில்லாத இடங்கள்.

சஷ்டி, விசாகம், கிருத்திகை, தொடர் விடுமுறை நாட்களில் செந்தூர்ப் பக்கம் போகாதீர்கள். கூட்டத்தைப் பார்ப்பதே தரிசனம் என்பவர்களைத் தடுக்கவில்லை. இங்கே கிழக்கே கடல் மதிலை ஒட்டியே கிடப்பதால் ராஜகோபுரம் மேற்கே எழும்பியிருக்கிறது. கடலில் முழுக்குப் போட்டுவிட்டு நாழிக்கிணற்றுக்குப் படியிறங்கினால், அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர். முருகன் வேலால் குத்தி வரவழைத்தது என்கிறது தலபுராணம். மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது, அதன் மேலேயே தங்கி நிற்கும் என்கிறது நிலத்தடி நீரியல். எனக்கு இரண்டும் வேண்டும். பன்னீர் இலையில் மடித்த திருநீற்றை வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.

அடுத்தது குலசேகரன்பட்டினம். முத்தாரம்மனும் ஞானமூர்த்தீஸ்வரரும் சேர்ந்து அமர்ந்திருக்கும் கோயில். தசரா சமயத்தில் காளி, குறவன், குரங்கு என்று வேஷம் கட்டிய பக்தர்கள் ஊர் ஊராகக் காணிக்கை எடுத்துக்கொண்டு இங்கே வந்து குவிவார்கள். இதே ஊர்ப் பக்கத்தில்தான் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவும் ராக்கெட் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இங்கிருந்து தெற்கே வெறும் கடல்தான்.

உடன்குடிக்குக் கொஞ்சம் உள்ளே ஒதுங்கிப் போவது வீண் அல்ல. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்குகிறார்கள், இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். அதைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. ஒவ்வொரு வட்டின் அடியிலும் சிரட்டையின் வளைவு அப்படியே பதிந்திருக்கும். சீனி கலந்ததும் சந்தையில் உண்டு, பார்த்து வாங்குங்கள். வேலையாட்கள் காய்ச்சும் இடத்திலேயே வாங்க முடிந்தால் உத்தமம்.

மணப்பாட்டில் மணல் குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. உச்சியில் திருச்சிலுவை ஆலயம், கீழே கடலைப் பார்த்தபடி புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. அதற்குள்ளும் ஒரு நன்னீர்க் கிணறு. முருகனுக்கு ஊறும் தண்ணீர் சவேரியாருக்கும் ஊறுகிறது.

உவரியில் சுயம்புலிங்க சுவாமி கோயிலில் நேர்த்திக்கடன் விசித்திரமானது. கடலுக்குள் இறங்கி, ஓலைப்பெட்டியில் மண் அள்ளித் தலையில் சுமந்து வந்து கரையில் கொட்ட வேண்டும். ஈரம் முகத்தில் வடிய, நனைந்த சேலையோடு திரும்பத் திரும்ப நடக்கிற பெண்களைப் பார்த்தால், உண்டியலில் நோட்டு போடுவது ரொம்பச் சுலபமான பக்தி என்று தோன்றும். கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயிலும் இதே ஊரில்தான்.

இடிந்தகரை, கூடங்குளம் அணுமின் நிலையம், காற்றாலைகள் எல்லாம் ஜன்னல் வழியாகவே போகும். அஞ்சுகிராமம் தாண்டி வட்டக்கோட்டையில் மட்டும் இறங்குங்கள். திருவிதாங்கூர் காலத்துக் கருங்கல் மதில்மேல் நின்றால் காற்று ஆளைத் தள்ளும்.

குமரியில் அம்மன் சந்நிதிக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். கிழக்கு வாசல் ஆண்டில் சில நாட்களே திறக்கும், மற்ற நாட்களில் வடக்கு வாசல்தான். சூரியன் கடலில் இறங்குவது முனையிலிருந்து எல்லா மாதமும் தெரியாது. கோடையில் போகிறவர்கள் மேற்கே கோவளம் பக்கம் கொஞ்சம் நகர்ந்து பார்க்கட்டும். விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி வள்ளுவருக்கும் படகு பகலில்தான். அவை வேண்டுமென்றால் இரவு தங்கிக் காலையில் வரிசையில் நில்லுங்கள். வேண்டாமென்றால் கரையிலிருந்தே பார்த்துவிட்டுக் காவல்கிணறு வழியாக நான்குவழிச் சாலையில் ஊர் திரும்பிவிடலாம்.