எண் குறைந்தால் நோய் குறைந்ததா?

கண்ணு, குழந்தைகளின் இதய வால்வு நோயைக் கணினியில் கணக்காக எழுதுவதுதான் உன் எம்.டெக். ப்ராஜெக்ட் என்று உன் அப்பா சொன்னான். குழந்தை இதயங்களோடு வாழ்நாளைக் கழித்த தாத்தா சும்மா இருப்பேனா? சமன்பாடு எனக்கு உன்னளவு வராது. ஆனால் அதற்குள் நீ போடப்போகும் எண்கள் எங்கள் எக்கோ அறையிலிருந்துதான் வருகின்றன. அவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு அப்பா, மகன் கதை. சுருங்கிப்போன மைட்ரல் வால்வின் வாய் எவ்வளவு என்பதை நெஞ்சைத் திறக்காமல் அறிய வேண்டும். அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்லின் என்ற இளம் மருத்துவருக்கு இந்தக் கவலை. அவருடைய அப்பா பொறியாளர். குறுகிய துளை வழியே நீர் பாயும் கணக்கை இருவரும் இதயத்துக்குப் பொருத்தி, 1951-ல் ஒன்றாகவே கட்டுரை எழுதினார்கள். வால்வு திறந்திருக்கும் நேரத்தில் பாயும் ரத்தத்தை, இருபுற அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தாலும் ஒரு மாறிலியாலும் வகுத்தால் வால்வின் பரப்பு வந்துவிடும். அன்றைக்கு இடது கீழறையின் அழுத்தத்தை நேரடியாக அளக்க வழியில்லை. ஓய்வுக் கட்டத்தில் 5 மி.மீ. இருக்கும் என்று வைத்துக்கொண்டு, அதற்கேற்ப மாறிலியை 31 என்று பொருத்தினார்கள். பிறகு அளக்க வழி வந்தது. 1972-ல் இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து கோர்லினே அதை 38 ஆக்கினார். தன் பெயரில் உலகமெங்கும் புழங்கும் சூத்திரத்தை 21 வருஷம் கழித்துத் தானே திருத்திய மனுஷன். சூத்திரத்தைவிட எனக்கு இதுதான் பெரிசு.

அந்த வர்க்கமூலத்தை லேசாக எண்ணிவிடாதே. ரத்த ஓட்டம் இரண்டு மடங்கானால் அழுத்த வேறுபாடு நாலு மடங்காகும். ருமாட்டிக் காய்ச்சலில் வால்வு சுருங்கிய பையன் ஒருவனுக்குப் படுத்திருக்கும்போது இந்த அழுத்த வேறுபாடு, நாங்கள் சொல்லும் கிரேடியன்ட், 6 என்று வை. ஓடினால் 24-ஐத் தொட்டுவிடும். போதாக்குறைக்கு, துடிப்பு வேகமாக வேகமாக வால்வு திறந்திருக்கும் நேரமும் குறையும். ரத்தம் நுரையீரலில் தேங்கும். "வீட்ல நல்லாத்தான் இருக்கான் டாக்டர், ஸ்கூல்ல ஓடினாத்தான் மூச்சு வாங்குது" என்று தாய்மார்கள் சொல்வதைத்தான் கோர்லின் சூத்திரமும் சொல்கிறது.

இப்போது கிரேடியன்டை அறிய ஊசி, குழாய் எதுவும் வேண்டாம். டாப்ளரில் ரத்தத்தின் வேகத்தைப் பார்த்து, அதை வர்க்கமாக்கி நாலால் பெருக்கினால் கிரேடியன்ட். 1970-களின் கடைசியில் நார்வேயின் லிவ் ஹாட்லேயும் கூட்டாளிகளும் இதை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார்கள். வேகம் விநாடிக்கு 4 மீட்டர் என்றால் 64. எளிதுதான், பிள்ளை அழாமல் படுத்திருந்தால்! ஜில்லென்று ஜெல் தடவியதுமே இரண்டு வயசுக் குழந்தை வீலென்று கத்தும்; வேகம் 4 காட்டும். அம்மா பால் கொடுத்துத் தோளில் போட்டுத் தூங்கவைத்த பிறகு பார்த்தால் 3.2, அதாவது 41. வால்வு அதேதான். உனக்கு வரும் எக்செல் கோப்பில் அழுகைக்கென்று தனிக் கட்டம் இருக்காது.

இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது. அயோர்ட்டா வால்வு கடுமையாக அடைத்துப் பிறக்கும் சிசுவுக்குச் சில சமயம் 2.5 மீட்டர் வேகம்தான் வரும். கணக்குப் போட்டால் 25. லேசான நோய் என்று கணினி சந்தோஷப்படும். தள்ளுவதற்கே அந்த இதயத்துக்குத் தெம்பில்லை, அதனால்தான் எண் சின்னதாக இருக்கிறது. நாளம் ஒன்று மூடாமல் திறந்திருப்பதால் உடம்புக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும். அதை மூடவிடாமல் ப்ராஸ்டாகிளாண்டின் ஏற்றிக்கொண்டே அடுத்த சிகிச்சைக்கு ஓட வேண்டும். பலூன் வைத்து வால்வை விரித்து, இதயம் தேறியபின் சில பிள்ளைகளுக்கு கிரேடியன்ட் ஏறும். அங்கே ஏறுவது நல்ல செய்தி. சத்தமே வராத வீடெல்லாம் நிம்மதியான வீடா, சொல்லு. உன் மாடலில் கிரேடியன்டை மட்டும் தனியே நிறுத்தாதே. அந்த நிமிஷம் எவ்வளவு ரத்தம் பாய்ந்தது, கீழறை எவ்வளவு சுருங்கியது என்பதையும் பக்கத்திலேயே வை.

குழந்தை வளரும் என்பதையும் மறந்துவிடாதே. 1.2 சதுர செ.மீ. மைட்ரல் வால்வு பெரியவருக்குச் சுருக்கம், ஒரு வயசுக் குழந்தைக்குத் தாராளம். அதனால்தான் எதையும் உடல் பரப்போடு ஒப்பிடுகிறோம். உயரத்தையும் எடையையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடு: 110 செ.மீ., 18 கிலோ பிள்ளைக்கு 0.74 சதுர மீட்டர். அடுத்த வருஷம் அந்தப் பிள்ளைக்கு இந்த எண் பொருந்தாது. உலோக வால்வு வளராது என்பதால்தான், பிள்ளையின் சொந்த நுரையீரல் தமனி வால்வையே எடுத்து அயோர்ட்டாவில் வைக்கும் முறைக்கு இன்றும் மதிப்பு. டொனால்ட் ராஸ் அதை லண்டனில் 1967-ல் செய்தார்.

ப்ராஜெக்ட் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடு: எதை அளந்தாய், எதை உத்தேசமாக வைத்துக்கொண்டாய், அளக்கும்போது குழந்தை தூங்கியதா அழுததா. மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், கணினியை மூடிவிட்டு ஒரு வாரம் எக்கோ அறையில் போய் உட்கார்.