பின்னிருக்கை

மூன்று வாரங்களாக இப்பக்கத்தில் எதுவும் எழுத இயலவில்லை. வகுப்பறை மதிப்பீட்டுப் பணிகள் குவிந்துவிட்டன. ஆசிரிய நண்பர்களுக்கு விளக்கம் தேவையில்லை, பெற்றோர் பொறுத்தருள்க.

சென்ற வாரம் என் முன்னாள் மாணவன் ஒருவனின் தந்தை தொலைபேசியில் அழைத்தார். மகன் எஸ்.பி.எம். முடித்து, தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்திருக்கிறான். அவனுக்கு ஒரு குரூசர் மோட்டார் சைக்கிள் வேண்டுமாம். "சார், நீங்க பெரிய மோட்டார் ஓட்டுறவரு. நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா கேட்பான்" என்றார். நம் நாட்டுச் சாலைகளில் ஆண்டுதோறும் மாண்டுபோவோரில் பெரும்பகுதியினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அந்தத் தந்தையின் குரல் நடுங்கியதற்கு அது போதுமான காரணம். ஆயினும், வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று ஓரிரவு யோசித்தேன். அந்த யோசனையே இக்கட்டுரை.

(தனித்தமிழ் அன்பர்கள் மன்னிக்க. 'உந்துருளி' என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் இதைப் படிப்பான். அவனுக்கு விளங்க வேண்டும்.)

குரூசர் ஆசை எனக்குப் புதிதன்று. இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டி, கெடா மாநிலம் கூருனில் இயங்கும் மோடெனாஸ் நிறுவனம் ஜாகு 175 என்னும் வண்டியைக் கொண்டு வந்தது. தாழ்ந்த இருக்கை, நீர்த்துளி போன்ற எண்ணெய்த் தொட்டி, மார்பை நிமிர்த்தி உட்காரச் செய்யும் அகன்ற கைப்பிடி. கப்சாய் மட்டுமே ஓட்டிப் பழகிய எங்களுக்கு அது ஓர் அரசகுமாரனின் குதிரையாகத் தெரிந்தது. அப்போது கைக்குழந்தை, வீட்டுக் கடன், தோட்டத்தில் நோயுற்றிருந்த தந்தையார். பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு சரி.

2017இல் பிள்ளைகள் மேற்படிப்புக்குப் போனபின், அடங்கிக் கிடந்த ஆசை எழுந்தது. பி2 உரிமம் 250 சிசி வரைதான் செல்லும் என்பதால், முடி நரைத்த வயதில் பயிற்சிப் பள்ளிக்குச் சென்று, என் மாணவர்களின் வயதையொத்த இளைஞர்களுடன் வரிசையில் நின்று, பி முழு உரிமம் எடுத்தேன். பின்னர் 800 சிசி குரூசர் ஒன்றை இரண்டாங்கையாக வாங்கினேன். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. நடந்த பிழை வண்டியுடையதன்று.

வாங்கிய முதல் சில மாதங்கள் எனக்கு மண்டையில் கனம்தான். ஞாயிறு காலையில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வரை சென்று, தேநீர் குடித்துத் திரும்புவேன். குறைந்த சுழற்சியிலேயே நிறைந்த இழுவிசை தரும் இயந்திரம். பற்சக்கரத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. விளக்குக் கம்பத்தில் நிற்கும்போது இரண்டு பாதங்களும் தரையில் முழுமையாக ஊன்றும். ஐந்தடி ஐந்தங்குல மனிதனுக்கு அது எத்தகைய நிம்மதி என்பதை உயரமானவர்கள் அறியமாட்டார்கள். பக்கத்து வீட்டுச் சிறுவர்கள் ஓடிவந்து பார்ப்பார்கள். இவை அனைத்தும் மெய்யான இன்பங்கள். அவற்றை நான் இப்போதும் இகழவில்லை.

2018 மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில், துணைவியாரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு கோத்தா பாருவுக்குப் புறப்பட்டேன். கோலகங்சார், லெங்கோங், கிரிக் வழியாகச் சென்று, 1982இல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஏறி ஜெலியில் இறங்குவது திட்டம். போவதற்கு மட்டும் 300 கிலோமீட்டருக்கு மேல்.

லெங்கோங் தாண்டுவதற்குள்ளேயே எனக்கு உண்மை விளங்கத் தொடங்கியது. குரூசரில் கால்கள் முன்னே நீண்டிருக்கும். அதனால் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது, கால்மிதியில் ஊன்றி உடலைச் சற்றே தூக்கிக்கொள்ள இயலாது. அடி முழுவதையும் முதுகின் அடித்தண்டே வாங்கும். பின்சக்கரம் மேலும் கீழும் அசைவதற்கு இவ்வகை வண்டிகளில் இடம் குறைவு. கவாசாகி வல்கன் எஸ் வண்டியில் அந்த அசைவு 80 மில்லிமீட்டர். அதே நிறுவனத்தின் வெர்சிஸ் 650 என்னும் பயண வண்டியில் 145 மில்லிமீட்டர். தாழ்ந்த இருக்கைக்கு நாம் கொடுக்கும் விலை இது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட்டால், நிமிர்ந்த மார்பு பாய்மரம்போல் காற்றை வாங்கும். கைகள் கைப்பிடியில் தொங்கத் தொடங்கும்.

எனக்கே இப்படியென்றால் பின்னால் இருந்தவருக்கு? ஓர் அகராதியின் அகலம்கூட இல்லாத மெத்தை. அதுவும் பின்பக்கம் சரிந்தது. முழங்கால் மடங்கி வயிற்றுக்கு அருகில் நிற்கும். சாய்வதற்கு ஒன்றுமில்லை. நான் வேகமெடுத்தால் பின்னே சரிவார். தடையை அழுத்தினால் என் முதுகில் மோதுவார். கிரிக்கில் பசியாற நிறுத்தியபோது, "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "பரவால்ல" என்றார். இருபத்தைந்தாண்டு இல்வாழ்க்கையில் அச்சொல்லின் பொருள் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிரிக்கைத் தாண்டியதும் மலைச்சாலை. தெமெங்கோர் ஏரியின் பாலத்தைக் கடக்கும் வரை அழகுதான். யானைகள் கடக்கும் இடம் என்னும் அறிவிப்புப் பலகைகள் ஆங்காங்கே வரும். சாலையோரத்தில் சாணமும் கிடக்கும். கைகள் மரத்துப்போயிருந்தன. இடப்பக்க வளைவொன்றில் சற்று மிகுதியாகச் சாய்த்துவிட்டேன். தாழ்ந்த கால்மிதி தார்ச்சாலையில் உரசி, கிறீச்சென்று கத்தியது. திடுக்கிட்டு வண்டியை நிமிர்த்தினேன்; நிமிர்ந்த வண்டி வளைவை விட்டு எதிர்த்தடத்திற்குள் ஓரடி புகுந்தது. எதிரே லோரி இல்லை. இருந்திருந்தால் இக்கட்டுரை இல்லை. துணைவியாரின் விரல்கள் என் விலாவில் பதிந்த அழுத்தத்தை இப்போதும் உணர்கிறேன்.

தித்திவங்சா ஓய்விடத்தில் அவரால் வண்டியிலிருந்து இறங்க முடியவில்லை. நான் இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோத்தா பாருவில் இரண்டு நாள் உறவினர் வீட்டில் தங்கினோம். மூன்றாம் நாள் காலையில் தம் துணிப்பையைத் தனியாகக் கட்டி வைத்திருந்தார்.

"நீங்க மோட்டார்ல வாங்க. நான் ஈப்போ பஸ்ல போயிர்றேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பேசியிருப்பேன். மிக இயல்பாகச் சொன்னார். பேருந்தில் ஏற்றிவிட்டு, காலிப் பின்னிருக்கையோடு அத்தனை கிலோமீட்டரும் தனியாகத் திரும்பினேன். வண்டி நன்றாகவே ஓடியது. எடை குறைந்ததால் வளைவுகளில் கால்மிதி உரசவும் இல்லை. வழியெல்லாம் என் தந்தையாரின் நினைவுதான் வந்தது.

அவரிடம் ஒரு ஹோண்டா சி70 இருந்தது. தோட்டத்தில் ஒட்டுப்பால் மூட்டை ஏற்றிய அதே வண்டியில்தான் குடும்பத்தையும் ஏற்றினார். அம்மாவைப் பட்டணத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாள்களில், புறப்படும் முன் ஒரு சாக்கை நான்காக மடித்துப் பின்கம்பியில் வைப்பார். அதன்மேல் பழைய கைலியைச் சுற்றி, டயர் ரப்பரால் இழுத்துக் கட்டுவார். உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பார். பிறகுதான் அம்மாவை ஏறச் சொல்வார். நான் அதை நூறு முறை பார்த்திருப்பேன். வண்டியை இயக்குவதற்கு முன் செய்யும் வேலைகளில் ஒன்று என்றுதான் எண்ணியிருந்தேன்.

வீடு திரும்பியதும் பட்டறை மாணவனிடம் நடந்ததைச் சொன்னேன். பள்ளியில் வாய்பாடு சொல்லத் திணறியவன்; இப்போது எனக்குப் பாடம் நடத்துகிறான். "சார், நீங்க வண்டியைப் பார்த்து வாங்கினீங்க. உட்கார்ந்து பார்த்து வாங்கல. அம்மாவை உட்கார வச்சும் பார்க்கல" என்றான். காதைத் திருகலாம் போலிருந்தது. சொன்னதில் தவறில்லை.

அதன்பின் ஓய்விடங்களில் சந்திக்கும் பெரிய மோட்டார் அன்பர்களிடம், உங்களுக்கு வண்டியிடமிருந்து வேண்டியது என்ன என்று கேட்பது என் வழக்கமாயிற்று. இளைஞர்கள் ஓசை என்பார்கள், தோற்றம் என்பார்கள், குதிரைத்திறன் என்பார்கள். நாற்பது கடந்தவர்கள் மெல்லக் குரலைத் தாழ்த்தி முதுகு, முழங்கால் என்று தொடங்குவார்கள். லோரி ஓட்டி, பின்னர் லோரி முதலாளியான பெரியவர் ஒருவர் ஹோண்டா கோல்ட்விங் வைத்திருந்தார். 1800 சிசி, ஆறு உருளை, சங்கிலிக்குப் பதிலாகச் சுழல்தண்டு. பின்னிருக்கை நம் வீட்டுச் சாய்வு நாற்காலி போன்றது. ஏறக்குறைய 380 கிலோ எடை என்பதால் பின்னோக்கி நகர்த்தவும் அதில் ஏற்பாடு உண்டு. "இதுல எது சார் உங்களுக்குப் பிடிச்சது?" என்றேன். "எங்க வீட்டுக்காரம்மா பின்னால உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கிட்டே வருவாங்க. அதுதான்" என்றார்.

கோல்ட்விங் நம் சம்பளத்திற்கு எட்டாது. குரூசரை விற்று, ஒரு பழைய வெர்சிஸ் 650 வாங்கினேன். இம்முறை துணைவியாரைக் கெஞ்சி அழைத்துச் சென்று, விலை பேசுவதற்கு முன் பத்து நிமிடம் பின்னால் உட்காரச் செய்தேன். 21 லிட்டர் தொட்டி. எண்ணெய் நிலையங்கள் அரிதான மலைச்சாலையில் கவலையில்லை. கால்மிதி தொடைக்குக் கீழே நேராக இருப்பதால் மேடுபள்ளத்தில் ஊன்றி எழலாம். முன்கண்ணாடி காற்றைத் தலைக்கு மேல் அனுப்பும். குறையும் உண்டு. இருக்கை 840 மில்லிமீட்டர் உயரம். என் விரல் நுனிகள் மட்டுமே தரையைத் தொட்டன. குரூசரில் இருந்த அந்த நிம்மதி போயிற்று. மாணவன் என் பக்க இருக்கைப் பஞ்சை மட்டும் சீவித் தாழ்த்தினான். பின்னே பெட்டி பொருத்தி, அதில் சாய்வு மெத்தையும் வைத்தான். தோற்றத்தில் தபால்காரர் வண்டி போலாகிவிட்டது. பக்கத்து வீட்டுச் சிறுவர்கள் இப்போது ஓடி வருவதில்லை.

2019இல் மீண்டும் அதே சாலையில் சென்றோம். தித்திவங்சா ஓய்விடத்தில் துணைவியார் தாமாகவே இறங்கினார். தேநீர் குடித்தபின், நான் கழிவறைக்குச் சென்று திரும்புவதற்குள் தலைக்கவசத்தை அணிந்துகொண்டு வண்டியருகே நின்றிருந்தார்.

அந்தத் தந்தையை நேற்றிரவு அழைத்தேன். மகன் விரும்பும் வண்டி 250 சிசி. அவனிடம் இருக்கும் பி2 உரிமம் போதும். தடைப் பிடியில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்கு என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை பட்டறைக்குக் குடும்பத்தோடு வாருங்கள், பையனின் அம்மாவும் கட்டாயம் வர வேண்டும் என்றேன்.

"அவங்க எதுக்கு சார்?"

"பின்னால உட்கார்ந்து பார்க்கணும். சேலை வேண்டாம், சுடிதார்ல வரச் சொல்லுங்க."